ஒரு வாளிக்கு மேல் போகாத குப்பை

நாத்தனார் என்றால் வீட்டுக்கு வந்த மருமகளைப் படுத்தி எடுப்பவள் என்று ஒரு பேர் இருக்கிறது. அந்தப் பேரைக் காப்பாற்ற நானும் என்னால் ஆனதைச் செய்துகொண்டுதான் வருகிறேன். என் அண்ணிதான் ஒத்துழைப்பதில்லை. நான் நாலு வார்த்தை சூடாகச் சொன்னால், "சொல்லி முடிச்சிட்டியா, காப்பி ஆறுது" என்பாள். நேரில் அவளை நான் 'நீங்க' என்றுதான் சொல்வேன். எழுதும்போது அவள், இவள் என்று வருகிறது. மரியாதை போட்டு எழுதிப் பார்த்தேன், வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் இருந்தது. அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

அண்ணி கல்யாணத்துக்கு முன்பிருந்தே பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தவள். ஓடுகிற பெல்ட்டில் பிஸ்கட் வரும். அதை அடுக்கி, தாளில் சுற்றி, டப்பாவில் போட்டு, அந்த டப்பாக்களைப் பெரிய அட்டைப்பெட்டியில் வைத்து, பெட்டியின் வாயை டேப் போட்டு ஒட்ட வேண்டும். வாழ்க்கையில் பாதியை இப்படி மூடி ஒட்டியே கழித்தாள். மணிக்கட்டு வலி வந்து வேலையை விட்ட பிறகும், வீட்டுக்கு எந்தப் பார்சல் வந்தாலும் டேப்பின் முனையை நகத்தால் நெருடிக் கண்டுபிடித்து, பெட்டி கிழியாமல் ஒரே இழுப்பில் உரித்துவிடுவாள். நான் பக்கத்தில் கத்தியை வைத்துக்கொண்டு குத்திக்கொண்டிருப்பேன். அண்ணன் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரிப்பான்.

அண்ணன் எலக்ட்ரீஷியன். நாங்கள் இருக்கும் கட்டடத்துக்கு வயரிங் செய்தவனே அவன்தான். மூன்றாம் மாடியில் ஒட்டினாற்போல் இருந்த இரண்டு சின்ன வீடுகளை, கடனை உடனை வாங்கி, பிடித்துப் போட்டான். ஒன்று எங்களுக்கு, இன்னொன்று பின்னால் மகளுக்கு என்பது அவன் திட்டம். மகள் படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டு கடல் தாண்டிப் போய்விட்டாள். பிறகு ஒரு நாள் அண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வராது.

நான் அதற்கு ஒரு வருஷம் முன்னால், புகுந்த வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடும் தையல் மெஷினோடும் வந்து சேர்ந்தவள். ஏன் வந்தாய் என்று அண்ணி அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. பின்பக்க அறையில் கிடந்த தட்டுமுட்டுச் சாமான்களைப் பரணில் ஏற்றினாள். கட்டிலுக்கு விரிப்பு போட்டாள். "ஜன்னல் கொஞ்சம் பிடிக்கும், தூக்கித் தள்ளினா திறக்கும்" என்றாள். அதோடு அது என் அறையாகிவிட்டது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் அந்தச் சுவர் வழியாகப் போகிறது, காலையில் யார் குளித்தாலும் எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரே கதவு அதுதான்.

அண்ணன் போன பிறகு, அடுத்த வீட்டை அண்ணி விருந்தாளிகளுக்கு விட ஆரம்பித்தாள். போனில் ஆப் வழியாகப் பதிவு செய்துகொண்டு வருவார்கள். இரண்டு நாள், நாலு நாள் இருப்பார்கள், போவார்கள். வாசலில் எண் பூட்டு போட்ட சின்னப் பெட்டியில் சாவி இருக்கும். அவர்கள் முகத்தை நாங்களோ எங்கள் முகத்தை அவர்களோ பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எனக்கு அது வெகு சௌகரியமாக இருந்தது. அவர்கள் போனதும் விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் என் பொறுப்பு. தரை, குளியலறை, அடுப்பு அண்ணி பொறுப்பு. குப்பை இரண்டு பேருக்கும் பொது, ஏனென்றால் அது ஒருவரால் தூக்க முடிகிற அளவில் இருக்காது.

உண்மையாகத்தான் சொல்கிறேன். இரண்டே பேர் இரண்டே நாள் தங்கிவிட்டுப் போன வீட்டில் கருப்புப் பைகள் மூன்று நிரம்பும். தண்ணீர் பாட்டில்கள், சாப்பாடு வந்த பிளாஸ்டிக் டப்பாக்கள், அந்த டப்பாக்கள் வந்த பைகள், யாரும் தொடாத பிளாஸ்டிக் கரண்டிகள், ஒரு மூலை மட்டும் கிழித்த சர்க்கரைப் பொட்டலங்கள். ஊருக்கு வந்த இடத்தில்கூட ஆர்டர் போட்டுச் செருப்பு வாங்கி, அதன் பெட்டியை எங்களுக்கு அன்பளிப்பாக விட்டுப்போனவர்கள் உண்டு. எல்லாவற்றையும் கீழே குப்பை அறையில் கொண்டுபோய்த் திணிப்போம். கதவு மூடாது. நான் முதுகைக் கொடுத்துத் தள்ளி மூடுவேன்.

அப்படி மூடி வைத்த ஒரு நாளின் மறுநாள் காலையில் மணி அடித்தது. வாசலில் கட்டடச் சங்கத்தின் செயலாளர் நின்றார். ரயில்வேயில் கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் எங்கள் கருப்புப் பை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இது உங்க வீட்டுதுதானே?"

"எங்க வீட்டுதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றேன் நான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் நான் கெட்டிக்காரி.

அவர் பைக்குள் கையை விட்டு ஒரு சாப்பாட்டு டப்பாவை எடுத்தார். அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டில் எங்கள் கதவு எண் கொட்டை எழுத்தில் இருந்தது.

"குப்பை வண்டிக்காரன் இதை எடுக்க மாட்டேன்னுட்டான். கீழ் வீட்டுக்காரங்க நாத்தம் தாங்கலன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. இனிமே உங்க குப்பை ஒரு வாளிக்கு மேல போகக் கூடாது. வண்டி வர்ற நாளுக்கு ஒரு வாளி. அடுத்த பொதுக்கூட்டம் வரைக்கும் பார்ப்போம். இதே கதைன்னா, இந்த வாடகை வேலையை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் போட்டுடுவோம். தப்பா எடுத்துக்காதீங்க மேடம்."

"நீங்க சொல்றது நியாயம் சார்," என்றாள் அண்ணி. பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அந்த வீட்டை மூடினால் என்ன ஆகும் என்பதை நான் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை. என் தையல் வருமானத்தில் இரண்டு பேர் காலம் தள்ள முடியாது. அண்ணி இரண்டு வீட்டையும் விற்றுவிட்டு மகளிடம் போய்விடுவாள். மகளும் வருஷக்கணக்காக 'வந்துடும்மா, வந்துடும்மா' என்று கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். அம்மா மகளிடம் போவதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மகள் வீட்டுக்குப் போகும்போது நாத்தனாரையும் கையோடு கூட்டிப்போனதாக நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. ஆக, என் அறை அந்த ஒரு வாளியில் இருந்தது.

அண்ணி பையை உள்ளே எடுத்து வந்தாள். பால்கனியில் பழைய செய்தித்தாள்களை விரித்தாள். பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். கீழே உட்கார்ந்து தரம் பிரிக்க ஆரம்பித்தாள்.

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா அண்ணி? யார் யார் எச்சிலோ."

"கை கழுவினாப் போயிடும். இங்க வா, இதைப் பாரு." அவள் இரண்டு குவியல்களைக் காட்டினாள். "இந்தக் குவியல் அவங்க கொண்டு வந்தது. இது என்ன தெரியுதா? இது நாம கொடுத்தது."

பார்த்தேன். நாங்கள் கொடுத்தது ஒன்றும் குறைந்த குவியலாக இல்லை. கட்டைவிரல் அளவு ஷாம்பு பாட்டில்கள், தாளில் சுற்றிய குட்டி சோப்பு, உறையில் போட்ட சீப்பு, உறையில் போட்ட பல்துலக்கி, உறையில் போட்ட செருப்பு. விருந்தாளிக்கு மரியாதை என்று நாங்களே தேடித் தேடி வாங்கி, ஒவ்வொரு தலையணை மேலும் அழகாக அடுக்கி வைத்தவை. பாதியை அவர்கள் தொடவே இல்லை. தொட்டதிலும் பாதி உள்ளேயே இருந்தது.

"இவ்வளவு நாள் மரியாதையைத்தான் குப்பையில கொட்டியிருக்கோம்," என்றாள் அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை. கம்பெனியில் பெட்டி கோணலாக வந்தால் சொல்வதுபோல் சொன்னாள்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சு கிடையாது. சோப்பும் ஷாம்பும் பெரிய கேனில் வாங்கி, அமுக்கினால் வருகிற பாட்டில்களில் ஊற்றிக் குளியலறைச் சுவரில் பொருத்தினாள். முதலில் வந்த குடும்பத்தின் குழந்தை அதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்து, கை ஓயும்வரை அமுக்கியிருக்கிறது. சுத்தம் செய்யப் போன நான் வழுக்கி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அரை மணிநேரம் அண்ணியைத் திட்டினேன். அவள் எனக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், மறுநாள் பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மாற்றி மாட்டினாள். தண்ணீருக்கு ஒரு வடிகட்டி வாங்கி வைத்து, கண்ணாடி பாட்டில்களில் பிடித்து வைத்தோம். சர்க்கரை, டீத்தூள், காப்பித்தூள், உப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் மூடி போட்ட ஜாடிகளில் நிரப்பி வரிசையாக வைத்தாள். அடுக்களை பார்க்கவே லட்சணமாக இருந்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு ஒரு விருந்தாளி ஆப்பில் எழுதினார்: 'வீடு சுத்தமாக இருந்தது. ஆனால் எங்களுக்கு முன்னால் தங்கியவர்கள் விட்டுப்போன மிச்சத்தை அடுக்களையில் அப்படியே வைத்திருக்கிறார்கள்.'

அதைப் படித்த அன்று அண்ணி சாப்பிடவில்லை. அவள் சாப்பிடாமல் இருந்து நான் பார்த்தது அண்ணன் போனபோதுதான். நான் விடுவேனா. பதிலுக்கு எழுத ஒரு பத்தி தயார் செய்தேன், அதில் அந்த மனிதரின் வளர்ப்பைப் பற்றிச் சில சந்தேகங்கள் எழுப்பியிருந்தேன். அண்ணி போனைப் பிடுங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு விருந்தாளி போனதும் ஜாடிகளைக் காலி செய்து, கழுவி, வெயிலில் காயவைத்து, புதிதாக நிரப்பினோம். காலி செய்ததைக் கொட்ட மனம் வருமா? எங்கள் வீட்டுக்கு எடுத்துவந்தோம். மாதக்கணக்கில் நாங்கள் குடித்த காப்பியெல்லாம் ஊர்பேர் தெரியாதவர்களின் மிச்சம். அப்படியும் ஆட்கள் ஜாடியைத் தொடவில்லை. கடைக்குப் போய்ச் சின்னச் சின்னப் பொட்டலமாக வாங்கிவந்து, மீதியைக் குப்பையில் போட்டுவிட்டுப் போனார்கள். வாளி நிரம்பி வழிந்தது.

ஒரு நாள் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி சொன்னாள். "ஒட்டியிருந்தா நம்புறாங்க. எவ ஒட்டினா, அவ கை கழுவினாளா, ஒண்ணும் தெரியாது. ஆனா நம்புறாங்க. நான் ஒட்டினதையெல்லாம் எத்தனை பேர் நம்பித் தின்னிருப்பாங்க."

"அதுக்கு இப்போ என்ன செய்றது? ஜாடியையும் ஒட்டி வைக்கலாமா?"

"நம்மள அவங்க எதுக்கு நம்பணும்? நம்ம மூஞ்சியையே பார்த்ததில்லையே."

மறுநாள் வாசலில் இருந்த சாவிப் பெட்டியைக் கழற்றிவிட்டாள்.

அதற்கு அர்த்தம் இனி வருகிறவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டு மணியை அடிப்பார்கள் என்பது. எனக்கு வந்ததே கோபம். அலங்கோலமாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பவள் நான். அண்ணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் வந்தவர் ஏதோ மெஷின் பழுது பார்க்க வந்த பெரிய உருவம். நான் அவருக்குச் சிடுசிடு என்று பெயர் வைத்தேன். சாவிக்குக் கையை நீட்டினார். அண்ணி அந்தக் கையில் கழுவித் துடைத்த காலி ஜாடியை வைத்தாள்.

"உள்ள வாங்க. உங்களுக்கு வேணுங்கறத எங்க டின்லேர்ந்து நீங்களே எடுத்துக்குங்க. எத்தனை நாள் இருப்பீங்க?"

"ரெண்டு நாள்."

"ஒரு நாளைக்கு எத்தனை டீ?"

சிடுசிடு விழித்தார். எங்கள் அடுக்களை நடுவில், டீத்தூள் டின்னுக்கு முன்னால், ஸ்பூனைப் பிடித்தபடி நின்று வெகுநேரம் யோசித்தார்.

"தெரியலைங்க. வீட்ல அவங்கதான் போட்டுத் தருவாங்க. நான் குடிப்பேன், அவ்வளவுதான்."

"அப்போ ரெண்டு ஸ்பூன் கூடவே போட்டுக்குங்க. வெளியூர்ல டீ அதிகமா கேக்கும்."

அவர் சிரித்தார். டின்னைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். சர்க்கரையை இரண்டு ஸ்பூன் எடுத்து, எங்களைப் பார்த்துவிட்டு, ஒரு ஸ்பூனைத் திரும்பக் கொட்டினார். "டாக்டர் திட்டுவார்," என்றார். அன்று ராத்திரி மனைவியிடம் போனில், தான் இப்போது ஒரு வீட்டு அடுக்களையில் சாமான் அளந்து வாங்கிவந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது சுவர் வழியாக எனக்குக் கேட்டது. அவர் போன பிறகு ஜாடியைப் பார்த்தேன். அடியில் ஒரு சிட்டிகை டீத்தூள் இருந்தது. குப்பையில் ஒரு பொட்டலம்கூட இல்லை.

அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் எங்கள் அடுக்களையைக் கடந்துதான் போனார்கள். வீடு ரேஷன் கடை ஆகிவிட்டது என்று நான் முனகாத நாள் இல்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தன் கையால் அளக்கிறவர் யாரும் தேவைக்கு மேல் எடுப்பதில்லை. பாலுக்கு எது நல்ல கடை, எந்தத் தெருவில் நாய் துரத்தும், இந்த ஊரில் மழைக்கு முன் எந்தப் பக்கம் கறுக்கும் என்று பேச்சும் வளர்ந்துவிடும். என் தையல் மெஷினைப் பார்த்துவிட்டு பேன்ட்டின் ஓரம் பிரிந்ததை எடுத்துவந்து நீட்டியவர்களும் உண்டு.

சாப்பாட்டு டப்பாதான் கடைசிவரை அடங்கவில்லை. அண்ணி தெருமுனை ஹோட்டல்காரரிடம் போனாள். நானும் கூடப் போனேன். அடுக்கு வைத்த எவர்சில்வர் கேரியர்கள் நாலை வாங்கியிருந்தாள். அவற்றை மேஜைமேல் வரிசையாக வைத்தாள்.

"எங்க வீட்டு ஆளுங்க இதைத் தூக்கிட்டு வருவாங்க. இதுல போட்டுக் கொடுங்க. டப்பா வேண்டாம், பை வேண்டாம்."

"ஆப்ல ஆர்டர் பண்ணினா டப்பாலதாம்மா போட்டாகணும்."

"ஆப்ல வர மாட்டாங்க. ஆளாவே வருவாங்க."

அவர் கேரியரின் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார். "எனக்கு டப்பா செலவு மிச்சம்."

"அதைச் சோத்துல காட்டுங்க."

"சரி போங்க. கேரியரோட வந்தா ஒரு கரண்டி கூட."

அந்த ஒரு கரண்டிதான் வேலை செய்தது. கேரியரோடு போனால் அதிகம் போடுகிறார்கள் என்று விருந்தாளிகளே ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்கள். வாளியின் அடி தெரிய ஆரம்பித்தது.

இடையில் ஒரு கேரியர் காணாமல் போனது. மாடி ஏறும்போதெல்லாம் விசிலடிக்கும் ஒரு விருந்தாளி, விடிவதற்கு முன் ரயில் பிடிக்கக் கிளம்பினவர், பயணத்துக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு அதோடேயே போய்விட்டார். நான் அவரை வாய் வலிக்கத் திட்டினேன். "வழியில பசிக்கும்ல," என்றாள் அண்ணி. அவ்வளவுதான் அவளுக்கு வந்த கோபம்.

பொதுக்கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மறுபடி மணி அடித்தது. மறுபடி செயலாளர். இந்த முறை அவரால் நிற்கவே முடியவில்லை, ஒரு அட்டைப்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு குழந்தை உட்காரலாம், அவ்வளவு பெரிசு.

"உங்க பேருக்கு வந்திருக்கு. இதுதான் நீங்க குப்பையைக் குறைக்கிற லட்சணமா மேடம்?"

எனக்கு உயிரே போய்விட்டது. நாங்கள் எதுவும் ஆர்டர் போடவில்லை. அண்ணி அவரை உள்ளே உட்காரச் சொல்லி, அவர் கண்ணெதிரிலேயே டேப்பை உரித்தாள். பெட்டிக்குள் தெர்மகோல். அதற்குள் அழுத்தினால் வெடிக்கும் குமிழித் தாள், சுற்று மேல் சுற்று. அதற்குள் இன்னொரு பெட்டி. செயலாளர் ஒவ்வொன்று வெளிவரும்போதும் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கடைசியில் வெளியே வந்தது எங்கள் கேரியர். விசில்காரர் தேய்த்துக் கழுவிப் பளபளவென்று அனுப்பியிருந்தார். திறந்தால் எல்லா அடுக்கிலும் வீட்டில் சுட்ட பிஸ்கட். கேரியரில் போடும்போது உறை எதற்கு என்று நினைத்திருக்கிறார், ஒரு தாள்கூட வைக்கவில்லை. கூரியர்காரர்கள்தான் அதைச் சுற்றிச் சுற்றிக் கட்டித் தங்கள் கைவரிசையைக் காட்டிவிட்டார்கள்.

முதலில் சிரித்தது அண்ணி. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு அது சிரிப்பா வேறேதாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"வாழ்நாள் பூரா பிஸ்கட் கட்டி அனுப்பியிருக்கேன் சார். ஒருத்தர் எனக்குத் திருப்பி அனுப்பினது இதுதான் மொதல் தடவை," என்றாள். "எடுத்துக்குங்க."

செயலாளர் ஒன்று எடுத்தார். பாதி நொறுங்கியிருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இன்னொன்றும் எடுத்துக்கொண்டு போனார். அண்ணி பெட்டியைத் தட்டி மடக்கி, குமிழித் தாளைச் சுருட்டி வைத்தாள். எதிர்வீட்டு டியூஷன் டீச்சர் வீடு மாற்றும் தன் தங்கைக்குக் கண்ணாடிச் சாமான் கட்ட அலைந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் அவரே அள்ளிக்கொண்டு போனார்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில், கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் நடந்தது. நான் பேசத் தயாராகப் போயிருந்தேன். எங்கள் குப்பை ஒரு வாளிக்குள் வந்து வெகுநாள் ஆகிறது, ஆனால் குப்பை அறைக் கதவு இன்னமும்தான் மூடவில்லை, அப்படியானால் அது யார் வீட்டு உபயம் என்று நறுக்கென்று நாலு கேள்வி கேட்பதாக இருந்தேன். எழுந்திருக்கப் போனபோது அண்ணி என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். மணிக்கட்டில் வலி இருப்பவள் கிள்ளியதுபோல் இல்லை அது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மூணாம் மாடி விஷயம். அன்னைக்கு அந்தப் பெரிய பெட்டி வந்தப்போ, சரி, மாட்டிக்கிட்டாங்கன்னுதான் நெனச்சேன். மறுநாள் குப்பை அறையில போய்த் தேடினேன். அந்தப் பெட்டி இல்ல. மேலாப்புல ஒரு பெட்டி கிடந்தது, யாருதுன்னு சீட்டைப் பார்த்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "என்னுது."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்த மனிதரைப் பற்றி நான் நினைத்திருந்ததையெல்லாம் அந்த இடத்திலேயே திரும்ப எடுத்துக்கொண்டேன், எல்லோர் முன்னாலும் தன்னைத் தானே காட்டிக்கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும். தீர்மானம் எதுவும் போடவில்லை. வாடகைக்கு விடுவது தொடரலாம் என்றார்கள். கூட்டம் கலையும்போது டீச்சர் அண்ணியிடம் வந்து, அந்தப் பெரிய கேன் சோப்பை எங்கே வாங்குகிறாய், எனக்கும் சேர்த்து வாங்கேன் என்று கேட்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. மாடிப்படியை ஓட்டமாக ஏறினேன், என் இடுப்பையும் மறந்து.

வீட்டுக்குள் நுழையும்போதே அண்ணியின் போன் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணி இன்னும் கீழே பேசிக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன். மகள்.

"அத்தை, கூட்டம் என்னாச்சு?"

"மூட வேண்டாம்னுட்டாங்க."

"அப்பாடா." அவள் உண்மையாகவே மூச்சு விட்டது கேட்டது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"நீ வருத்தப்படுவேன்னு நெனச்சேன். அம்மாவை அங்க கூப்பிட்டுக்கிட்டே இருந்தியே."

"கூப்பிட்டேன் அத்தை. அப்பா போனதுலேர்ந்து கூப்பிடறேன். ஒவ்வொரு தடவையும் அம்மா ஒரே கேள்விதான் கேப்பாங்க. 'உங்க அத்தை எங்க படுப்பா?' எங்க வீட்ல இருக்கறது ரெண்டு ரூம். ஒண்ணுல நாங்க, ஒண்ணுல பசங்க. அம்மாவுக்கு ஹால்ல கட்டில் போடறேன்னு சொன்னா, 'அப்போ அவளுக்கு?'ம்பாங்க. அந்த வீட்டை மூடினா என்ன செய்வீங்கன்னு போன வாரம் கேட்டேன். திரும்பவும் பேக்கிங் வேலைக்குப் போவேன்னாங்க. அந்தக் கையை வச்சுக்கிட்டு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேனே அத்தை."

எனக்குத் தெரியாது. அண்ணன் இருந்தவரைக்கும் அவனை வைத்து அவள் எனக்கு அண்ணி. அவன் போன பிறகு என்னை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு எந்தச் சட்டமும் இல்லை, சம்பிரதாயமும் இல்லை. அவளாக வைத்துக்கொண்டதுதான். இத்தனை வருஷமும் ஒவ்வொரு போனிலும் எனக்கு இடம் கேட்டிருக்கிறாள், கிடைக்காதபோது தன் இடத்தை வேண்டாம் என்றிருக்கிறாள். நான் அடுத்த அறையில் மெஷின் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அண்ணி மெல்லப் படியேறி வந்தாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"உங்க அத்தை எங்க படுப்பான்னு கேட்டீங்களாமே."

அவள் செருப்பைக் கழற்றினாள். "அவ வாயில ஒண்ணும் நிக்காது."

"ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ மறுநாளே பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பியிருப்ப. உன்னைத் தெரியாதா எனக்கு."

உண்மைதான். கிளம்பியிருப்பேன். எங்கே என்றுகூட யோசித்திருக்க மாட்டேன்.

"அந்தக் கையை வச்சுக்கிட்டு மறுபடி வேலைக்குப் போறேன்னு சொல்லியிருக்கீங்க. உங்களுக்கு அறிவிருக்கா? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல?" மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"இப்போ நீ நன்றி சொல்றியா, சண்டை போடறியா?"

"ரெண்டும்தான்."

"அப்போ சண்டையை மொதல்ல முடி. அதுதான் உனக்கு நல்லா வரும்."

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தேன். அவளை நான் அறிந்த இத்தனை வருஷத்தில், அவளிடம் சொல்ல எனக்கு ஒரு குறைகூட அகப்படாதது அன்றைக்குத்தான்.